துவக்கின் கனம் அதன் தரம் அல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கினால் லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் கடைக்குத் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் துவக்கு இருக்கிறதா?" ஓட்டத்தைத் தொடங்கிவைக்கச் சத்தம் எழுப்பும் துப்பாக்கியைத்தான் கேட்கிறார்கள். இலையுதிர் காலத்தில் நாடகக் குழுவினரும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகளும் அதே கேள்வியோடு வருவார்கள். முன்பு கண்ணாடி அலுமாரியைத் திறந்து நாலைந்தை எடுத்து மேசையில் வைப்போம். இப்போது அந்த அலுமாரியில் பாதி வெறுமையாக இருக்கிறது. ஏன் என்று கேட்பவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது.

முதலில் செய்தி. குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாவைச் சுட்டு, வெடிவாயுவை மேற்பக்கத் துளை வழியே வெளியேற்றும் கைத்துப்பாக்கிகளில், நான்கு துருக்கியத் தயாரிப்பாளர்களின் மாதிரிகளை இந்நாட்டின் தேசிய குற்றத்தடுப்பு முகமையும் பொலிஸாரும் சோதித்தார்கள். அவை உயிர்கொல்லும் ஆயுதமாக எளிதில் மாற்றப்படக்கூடியவை என்று முடிவானது. அதன்படி அவை சட்டத்தின் கண்ணில் விளையாட்டுப் பொருளோ நாடகப் பொருளோ அல்ல, தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். 2025 பெப்ரவரி 3 முதல் 28 வரை அவற்றைத் தண்டனையின்றி ஒப்படைக்க அவகாசம் தரப்பட்டது. அது முடிந்துவிட்டது. இனி வைத்திருப்பவருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 2010இலும் ஓட்டத்தைத் தொடங்கச் சுடும் ஒரு ரகச் சுழல்துப்பாக்கிக்கு (ஸ்டார்ட்டிங் ரிவோல்வர்) இதே முடிவு வந்தது. அதனால் இது எங்களுக்கு முற்றிலும் புதிய அதிர்ச்சி அல்ல.

நாங்கள் அந்த நான்கு தயாரிப்பாளர்களின் மாதிரிகளோடு நிறுத்தவில்லை. மேற்பக்கத் துளை ரகம் முழுவதையும் விற்பனையிலிருந்தும் வாடகையிலிருந்தும் எடுத்துவிட்டோம். சட்டம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு பொருளை விற்றுவிட்டு, அடுத்த சோதனையில் அதன் பெயர் வந்துவிடுமோ என்று வாங்கியவரும் நாங்களும் காத்திருப்பது நல்ல வணிகம் அல்ல.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு வரும் பெரும்பாலானோர் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது எடை பார்ப்பதுதான். "அண்ணா, அசல் மாதிரியே கனமாக இருக்கிறதே, நல்ல சாமான்!" என்பார்கள். கனம்தான் தரம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிக்கு அது முற்றிலும் தவறான அளவுகோல்.

அந்தக் கனம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இவற்றின் உடல் பெரும்பாலும் எஃகு அல்ல, துத்தநாகக் கலவை. தொழிலில் அதை ஸமாக் என்பார்கள். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகிய நான்கின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர் அது. 400 பாகை செல்சியஸுக்குக் கீழேயே உருகிவிடும். எஃகை உருக்க அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். உருகிய கலவையை அழுத்தத்தோடு அச்சில் செலுத்தினால் கைப்பிடியின் வரிகள், எழுத்துகள், சிறு திருகாணித் தலைகள் வரை துல்லியமாகப் பதிந்துவிடும். அதனால்தான் அலுமாரியில் பார்க்கும்போது அசலிலிருந்து வேறுபாடு தெரிவதில்லை. அடர்த்தியும் எஃகைவிடச் சற்றே குறைவாக இருப்பதால் கையில் கனக்கிறது. ஆக, நீங்கள் வியக்கும் தோற்றமும் எடையும் மலிவான உலோகத்தை வார்த்தெடுக்கும் வசதியின் விளைவுகள். வலிமையைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

அதற்காக ஸமாக் கெட்ட உலோகம் என்று நான் சொல்லவரவில்லை. கதவுக் கைப்பிடிகள், குழாய்கள், பொம்மைக் கார்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன. வெற்றுத் தோட்டாத் துப்பாக்கிக்கு அது பொருத்தமானதும்கூட. அசல் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவதில் எஃகுக்குள்ள வலிமை அதற்குக் கிடையாது, இருக்கவும் கூடாது. இந்தப் பொருள் சத்தம் எழுப்பவேண்டும், அதைத் தவிர வேறெதையும் செய்ய இயலாததாக இருக்கவேண்டும். ஒரு தயாரிப்பாளர் எவ்வளவு உழைப்பை அந்த இயலாமையில் செலவழித்திருக்கிறார் என்பதே எங்கள் கடையில் நாங்கள் பார்க்கும் தரம். குழலின் உள்ளே எஃகுத் தடை இருக்கிறதா, அது உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டதா, தோட்டா அமரும் இடம் வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும் அளவானதா, பெரும்பகுதி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்குப் போவோம்.

நிறத்தைப் பற்றி அடிக்கடி குறை கேட்கிறோம். "இந்தச் செம்மஞ்சள் துப்பாக்கியை எப்படி மேடையில் காட்டுவது?" நியாயமான கவலை. 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டத்தின்படி, அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி, அருங்காட்சியகம், வரலாற்று நிகழ்வுகளை நடித்துக்காட்டல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின்கீழ் தேவைப்படுவோர் தயாரிப்பு பற்றிய எழுத்துமூல விபரத்தோடு வாருங்கள். வெறும் வாய்ச்சொல்லில் தரமாட்டோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நிறத்திலும் தரமாட்டோம். அப்பா வெளியே காரில் இருக்கிறார் என்றாலும் அவர்தான் உள்ளே வரவேண்டும். செம்மஞ்சளுக்கு மேல் வீட்டில் கறுப்பு வர்ணம் பூசுவது அறவே கூடாது. வர்ணம் பூசிய அந்தக் கணத்திலேயே அது வேறு பொருளாகிவிடுகிறது.

இப்போது வேலை செய்யும் விதம். அசல் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் குண்டு முன்னே போகும் எதிர்விசையால் மேற்பகுதியான ஸ்லைடு பின்னே நகர்ந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லை. வாயுவின் அழுத்தம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஸ்லைடைத் தள்ளவேண்டும். ஆகவே உள்ளே இருக்கும் சுருள்வில் மென்மையானது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினின் வாய் சற்று வளைந்தாலோ, முந்தைய வெடிகளின் கரி படிந்திருந்தாலோ, தோட்டா சரியாக ஏறாமல் சிக்கிக்கொள்ளும். தோட்டா 8 மில்லிமீட்டரானாலும் 9 மில்லிமீட்டரானாலும் இந்தப் பலவீனம் பொதுவானது. எந்த விலையில் வாங்கினாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

விளையாட்டு மைதானத்தில் இது சிறிய விஷயம் அல்ல. ஒரு பிள்ளை முந்திப் பாய்ந்துவிட்டால் இரண்டாவது வெடியால்தான் எல்லோரையும் திருப்பி அழைக்கிறோம். அந்த இரண்டாவது வெடி சிக்கிக்கொண்டால் எட்டுப் பிள்ளைகளும் பாதி தூரம் ஓடி, மூச்சிரைக்க நின்று, அழுவார்கள். பெற்றோர் நடுவரோடு வாதாடுவார்கள். அதனால் ஓட்டப்போட்டிக்கு நாங்கள் எப்போதும் ரிவோல்வர் அமைப்பையே தருகிறோம். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். பார்வைக்குப் பழையபாணி, வேலைக்கு உறுதி.

தொடக்குநர் எங்கே நிற்கிறார் என்பதும் கருவியின் தரத்துக்குச் சமமான விஷயம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். 400 மீட்டர் ஓட்டத்தில் முழு அளவு மைதானத்தின் எட்டாம் தடத்துப் பிள்ளை முதலாம் தடத்துப் பிள்ளையைவிட ஏறத்தாழ 53 மீட்டர் முன்னே நிற்கிறது. முதல் தடத்தின் பக்கத்தில் நின்று சுட்டால் எட்டாம் தடத்துக்குச் சத்தம் சேர விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும். உலகப் போட்டிகளில் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கிளம்பினால் அது தவறான தொடக்கம். அந்த எல்லையைவிடப் பெரிய இழப்பை நாமே ஒரு பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். எல்லாத் தடங்களுக்கும் ஓரளவு சமதூரம் வரும்படி உட்புறமாக நில்லுங்கள். நேரக் கணிப்பாளர்களுக்கும் ஒரு சொல்: 100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் நிற்பவருக்குச் சத்தம் 0.3 விநாடி பிந்தியே கேட்கும். காதை நம்பாமல் புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்துங்கள். தொடக்குநரின் கைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை இருந்தால் புகை பளிச்சென்று தெரியும்.

பணம் ஒதுக்க முடிந்த பள்ளிகளுக்கு எங்கள் மனமார்ந்த பரிந்துரை மின்னணுத் தொடக்கக் கருவி. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கிலும் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஒமேகா நிறுவனத்தின் அத்தகைய கருவிதான் பயன்பட்டது. ஒவ்வொரு ஓட்டக்காரரின் பின்னாலும் ஒலிபெருக்கி இருப்பதால் தூரத்தின் அநீதி இல்லை. நாங்கள் தருவது அவ்வளவு பெரியதல்ல, ஒளியும் ஒலியும் தரும் ஒரு சிறு பெட்டி. தோட்டா வாங்கவேண்டாம், துடைக்கவேண்டாம், பஸ்ஸில் கொண்டுபோனாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வெற்றுத் தோட்டாவையே எடுப்பவர்கள் பாதுகாப்பைப் பற்றிய இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். வேலையிடங்களில் காதுக்கு எட்டும் உச்ச ஒலி 140 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்பது இந்நாட்டு விதி. கைத்துப்பாக்கியின் வெற்று வெடி அருகில் அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். தொடக்குநர் காது மூடியை அணிந்து, கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்திச் சுடவேண்டும். "வெறும் சத்தம்தானே" என்ற சொல்லை எங்கள் கடையில் யார் சொன்னாலும் நான் 1984ஆம் ஆண்டை நினைவூட்டுவேன். அந்த ஆண்டு ஒக்டோபரில் ஜோன்-எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பின் இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியைத் தன் பொட்டில் வைத்து விளையாட்டாக அழுத்தினார். குண்டு எதுவும் இல்லை. வெடியின் வேகமே மண்டையோட்டை உடைத்தது. சில நாட்களில் இறந்துபோனார், 26 வயது. நடிகர்கள் ஒருவரை நோக்கி நேராகக் குறிவைக்கவே வேண்டியதில்லை. பக்கவாட்டில் பிடித்தாலும் கமராவின் கோணமும் மேடையின் தூரமும் அதை மறைத்துவிடும்.

பராமரிப்பு எளிது. பயன்படுத்திய அன்றே உட்புறத்தைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். படிந்த கரி ஈரத்தை இழுத்துக் கலவையை அரிக்கும். வாடகைக்கு எடுத்தவர்கள் துடைக்காமலே தந்தாலும் பரவாயில்லை, அன்றே கொண்டுவந்து தந்தால் போதும்.

மண்டபத்துக்குள் சுடுவது பற்றி எனக்கு ஒரு சொந்தக் கருத்து உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வாடகைக்கு எடுத்த துப்பாக்கி ஒரு நாடகத்தில் வெடித்தபோது நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். முன்னறிவிப்பு இல்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு முதிய அம்மா நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடையில் தரையோடு படுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளையின் தலையையும் கையால் அமுக்கிக்கொண்டார். காட்சி முடிந்து விளக்கு வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நம் மண்டபங்களில் வந்து அமர்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சத்தத்திலிருந்து தப்பி இந்த நாட்டுக்கு வந்தவர்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அன்றிலிருந்து மண்டப நாடகங்களுக்கு வெற்றுத் தோட்டா தருவதை நிறுத்திவிட்டேன். சுடமுடியாத ரப்பர் மாதிரியும் ஒலிப்பதிவும் தருகிறேன். ஒலியின் அளவை இயக்குநர் கையில் வைத்துக்கொள்ளலாம், வாயிலில் ஓர் அறிவிப்பு ஒட்டலாம். வெளியில் எடுக்கும் குறும்படத்துக்கும் அந்த ரப்பர் மாதிரியையே முதலில் கேளுங்கள். வெடியும் புகையும் தொகுப்பில் சேர்க்கக்கூடியவை. தெருவில் படம் பிடிப்பதானால் எந்த மாதிரியாக இருந்தாலும் முன்கூட்டிப் பொலிஸாருக்கு அறிவியுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

கடைசியாக, பழைய துப்பாக்கி வீட்டில் கிடப்பவர்களுக்கு. எங்களிடம் வாங்கியதானாலும் வேறிடத்தில் வாங்கியதானாலும், அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வராதீர்கள். நாங்கள் வாங்கிக்கொள்ளவும் முடியாது. 101 என்ற இலக்கத்தில் பொலிஸாரை அழைத்து, என்ன இருக்கிறது என்று சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் கடைக்கு வெறுங்கையோடு வாருங்கள், உங்கள் பக்கத்தில் இருந்து நாங்கள் பேசித்தருகிறோம். எங்கள் பழைய பற்றுச்சீட்டு இருந்தால் அதை மட்டும் எடுத்துவாருங்கள். மாதிரி எதுவென்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

இந்தக் கோடைப் போட்டிகளுக்கு மின்னணுப் பெட்டிகள் மூன்றும் ரிவோல்வர்கள் இரண்டும் இருக்கின்றன. சனிக்கிழமைகள் விரைவில் நிரம்பிவிடும். மைதானத்தின் அளவையும் தடங்களின் எண்ணிக்கையையும் எழுதி அனுப்புங்கள், தொடக்குநர் எங்கே நிற்கவேண்டும் என்று படம் வரைந்து கருவியோடு வைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
ஹரோ, லண்டன்