மொட்டைமாடியில் காரப்பொடி

தண்டையார்பேட்டை
ஞாயிறு மதியம்

அன்புள்ள மகளுக்கு,

போன் பண்ணினால் ஐந்து நிமிஷத்தில் உன் குக்கர் விசில் அடித்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். "ரிட்டையர் ஆகியும் அம்மா அடுப்பை விட மாட்டேங்குது, ஊரார் பிள்ளைகளுக்குச் சமையல் கிளாஸ் எடுக்குதாம்" என்று சித்தியிடம் சலித்துக்கொண்டாயாம். அவள் அப்படியே வந்து ஒப்பித்துவிட்டாள். கிளாஸ் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடுகிறோம், அவ்வளவுதான்.

கீழ்வீட்டுக்குக் குடிவந்த பையன் நான் வேலை பார்த்த பள்ளியில் படித்தவன். என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். காசிமேட்டில் காரப்பொடி என்கிற பொடிமீன் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கூறு வாங்கி வந்துவிட்டான். அதைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு, எப்படி ஆய்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மீன் வெயிலில் காய்கிறது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சுருக்கென்றது. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பொங்கிப் போட்டேனே, ஒரு பிள்ளையையாவது அடுப்புப் பக்கம் விட்டிருப்பேனா? "சூடு, தள்ளிப் போ" என்று விரட்டியதுதான் ஞாபகம் வருகிறது.

1920-லேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு தொடங்கிவைத்தவர் அப்போது சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியார். நம் வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு அவர் பேர்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022-ல் காலைச் சிற்றுண்டி. பிள்ளை பசியோடு உட்காரக் கூடாது என்பதில் நம் ஊரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டு நீட்டத்தான் பழக்கினோம். மீன் ஆயவும் கீரை ஆயவும் வீட்டில் கற்றுக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். வீட்டில் அம்மாவும்தான் காலையில் ஷிஃப்டுக்கு ஓடுகிறாளே. உன்னையே எடுத்துக்கொள், நான் உனக்கு எங்கே சொல்லித் தந்தேன்?

சரி, இப்போதாவது தெரிந்துகொள். காரப்பொடியைச் சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்போடு போட்டு, உள்ளங்கையால் வட்டமாக உரசணும். அழுத்தக் கூடாது. வழவழப்பெல்லாம் நுரையாகக் கழன்று வரும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு, செவுளுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தால் கிள்ளி இழுத்தால் குடல் கூடவே வந்துவிடும். கீழ்வீட்டுப் பெண் முதல் நாள் அழுத்தித் தேய்த்ததில் பாதி மீன் கூழாகிவிட்டது. முகம் வாடிப்போனாள். அதையும் வீணாக்காமல் கொதிக்கவிட்டு வடிகட்டி, பூண்டு மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தோம். அடுத்த வாரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது பன்னிரண்டு பேர் வருகிறார்கள். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு பொருள். பெரிய மீன் வாங்குவதில்லை. வஞ்சிரம் விலையில் கவலை மீனும் மத்தியும் ஒரு கூடை வரும். ருசி தெரியாதவர்கள்தான் வஞ்சிரம் வஞ்சிரம் என்று அலைகிறார்கள் (உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லாதே). வியாசர்பாடி பர்மா அக்கா ஒருத்தி அவர்கள் ஊர் நூடுல்ஸான அத்தோ செய்து காட்டினாள். அதற்கு வாழைத்தண்டு சூப் கட்டாயமாம், இல்லாவிட்டால் அவள் அப்பாவின் ஆத்மா சாந்தியடையாதாம். பக்கத்துத் தெருவில் தங்கி வேலை பார்க்கும் பீகார்ப் பையன்கள் கடுகை அரைத்து மீனில் ஊற்றினார்கள். முதல் வாய் கசந்தது. ஆனாலும் மூன்றாவது துண்டும் கேட்டு வாங்கினேன். தமிழ் இரண்டு வார்த்தைதான் அவர்களுக்கு வரும். அதில் ஒன்று இப்போது "உப்பு".

மூன்றாவது மாடி அம்மா சுத்த சைவம். கவிச்சி நாறுகிறது என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் பேரிலும் தப்பில்லை, மீன் கழுவிய தண்ணீரை அவர் வாசல் வழியாகப் போகும் குழாயில் விட்டது நான்தான். இப்போது அந்தத் தண்ணீர் செடிக்குப் போகிறது. செவுளும் குடலும் சம எடை வெல்லத்தோடு டப்பாவில் மூடி 21 நாள் வைத்தால் மீன் அமிலம். பதமாக வந்தால் நாற்றம் இல்லை, பழ வாசனைதான் அடிக்கும். அதைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறோம்; பருப்புக்கீரை தொட்டியைத் தாண்டி வழிகிறது. அந்தக் கீரையில் மசியல் வைக்க அவரே இறங்கி வந்தார். மீன் நாளில் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் புயலில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்ததே, அதை நினைத்து இன்னமும் "எந்தத் தண்ணி மீன்?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் கை வைக்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். கரையோரத்து ஆயாக்களிடம் வாங்குவதால் எந்தப் படகு, எந்தப் பக்கம் வலை போட்டது என்று எனக்குச் சொல்ல முடிகிறது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஃபைபர் படகில் வருவதுதான் உள்ளூர் மீன். மற்றதெல்லாம் வேற்றூர் ஐஸ் மீன். அந்த 61 நாளும் மாடியில் கருவாடுதான். மே மாதம் நீ வரும்போது மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு நடக்கும். உன் மகளுக்கு ஆறு வயதாகிவிட்டது, நெத்திலித் தலை கிள்ளலாம். கத்தி வேண்டாம், நகம் போதும்.

உனக்கும் கால் கிலோ கருவாடு அனுப்புகிறேன். போன தடவை வாசனை வருகிறது என்று கூரியர்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை நாலு கவர் போட்டு, மேலே காப்பித்தூள் பொட்டலம் வைத்திருக்கிறேன். கேட்டால் காப்பித்தூள் என்று சொல்லிவிடு.

அம்மா