நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பப்படும். அங்கே கருத்துச் சொல்வதில் அவர்கள் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் கொடியேற்றப்பட்டது. பொங்கல் கோலப்போட்டி நடைபெற்றது. மழைக்கு முன் சாக்கடையைத் தூர்வார மனு அளிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி சங்கக் கட்டடத்தைச் சீரமைத்ததாகும். வைப்புத்தொகையில் கை வைத்தா மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று கேட்கப்பட்டதால், விரிவாகப் பதிலளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பாளையங்கோட்டை வெயிலில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை கீழே இறக்குவதால், மின்விசிறி எவ்வளவு சுற்றினாலும் கூடத்தில் அனல்தான் வீசியது. ஆகவே வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைச் சுண்ணாம்பை இருமுறை பூசி, மேற்குச் சன்னல்களுக்கு வெளிப்புறம் தட்டி கட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு கரையும், கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும் என்பது மெய்யே; தட்டோடுகள் பதித்தால் நீடிக்கும், ஆனால் சந்தா வரவு அதற்கு இடம் தரவில்லை.

அடுத்து, 75 வாட் வாங்கும் பழைய மின்விசிறிகளை அகற்றி, 30 வாட்டுக்குள் ஓடும் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக வாங்கும் மோட்டார் கொண்ட) விசிறிகளைப் பொருத்தினோம். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறி இரு மாதங்களில் ஏறத்தாழ 32 யூனிட் மிச்சம் பிடிக்கும். யூனிட் 5 ரூபாய் என்று கொண்டாலும், 3,000 ரூபாய் விசிறி மூன்றாண்டுக்குச் சற்று மேல் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். வீடுகளுக்கு இதில் ஆதாயம் இன்னும் கூடுதல். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணச் சலுகையும் போய்விடுகிறது. நான்கு விசிறிகளை மாற்றும் வீடு ஏறத்தாழ 130 யூனிட் குறைத்து, அந்த வரம்புக்குள் வந்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு, சந்தா கேட்டுச் சென்றால் சிலர் "கூடத்தை நாங்கள் பயன்படுத்துவதில்லையே" என்கிறார்கள். அவர்கள் இல்லத்துக் காதுகுத்து விழா இக்கூடத்தில்தான், அதுவும் உறுப்பினர் சலுகை வாடகையில் நடந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமநிலையில் உள்ளன. விவரம் அறிய விரும்புவோர் பொருளாளரிடம் கணக்கேட்டைப் பார்க்கலாம். நிர்வாகக் குழுவினர், நன்கொடையாளர்கள், கொத்தனார், எலக்ட்ரீசியன் அனைவருக்கும் நன்றி.

அடுத்த பணி, சங்கக் கட்டடத்துக்குச் சூரிய மின்தகடுகள் அமைப்பதாகும். மத்திய அரசு இதற்கு உதவும் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மின்தேவையை முதலில் குறைத்துவிட்டதால் குறைந்த தகடுகளே நமக்குப் போதும். பழைய விசிறிகளை வைத்துக்கொண்டு விண்ணப்பித்திருந்தால் அவற்றுக்கும் சேர்த்துத் தகடு வாங்க நேர்ந்திருக்கும். மானியம் போக மீதித் தொகையைச் சங்கமே திரட்ட வேண்டும். நிலுவைச் சந்தா முழுவதும் வந்து சேர்ந்தால் நன்கொடை நோட்டீஸ் அச்சடிக்கும் தேவை எழாது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராத நிலையில், இப்பணியை முடிக்கும்வரை தொடர எனக்குத் தடையில்லை. ரசீதுப் புத்தகம் இன்று கூட்டம் முடியும்வரை பொருளாளரிடம் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்