சத்தம் 3 கெடச்சிருச்சுலே

பாளையங்கோட்டை
வியாழக்கிழமை

எலேய் மக்கா,

நாலு மாசமா நான் போனும் பண்ணல, நீ போட்ட மெசேஜுக்குப் பதிலும் போடல. கோவமா இருப்ப, இருந்துக்கோ, அத கடைசில பேசுவோம். இங்க எல்லாரும் சொகம், அம்மாவுக்கு அந்த முட்டுவலிதான், ஆத்துல தண்ணி போகுது, அவ்வளவுதான் ஊர்க்கதை. இப்ப கேளு. நாம தொலஞ்சு போச்சுன்னு நெனச்ச அந்தப் பாட்டு சிடி, சத்தம் 3 கெடச்சிருச்சு.

டவுன் வீட்ட காலி பண்ணுதோம்லா, ஆச்சி போனதுல இருந்து பூட்டியேல்லா கெடந்துச்சு. ஞாயித்துக்கிழமை தார்சால கெடந்த ட்ரங்குப் பெட்டிய தொறந்தா பழைய கரண்டு பில்லு, கல்யாணப் பத்திரிகை, அடியில ஒரு பிஸ்கட் டப்பா, அதுக்குள்ள அந்த சிடி. ஒன் கையெழுத்துதான், ஊதா மார்க்கர்ல 'சத்தம் 3', மூணுக்குக் கீழ ரெண்டு கோடு. கை நடுங்கிருச்சு எனக்கு. இதயும் நம்ம கூட்டாளி பேட்டையான்தான் தொலைச்சான்னு இருவது வருசமா அவன என்னா ஏச்சு ஏசியிருக்கோம், நீதான் ரொம்ப ஏசுன, அவன்கிட்ட நீயே ஒரு வார்த்தை சொல்லிரு.

ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தா ஓரத்துல வெள்ளிப்பூச்சு உதிந்து ஊசி குத்துன மாதிரி வெளிச்சம் தெரியுது. அந்தப் பூச்சு மார்க்கர்ல எழுதுத பக்கத்துலதான இருக்கு, மேல மெல்லிசா ஒரு வார்னிஷு, அதுல நெகம் பட்டாலே போச்சு. அம்மாவோட பழைய வாயில் சேலைத்துணிய லேசா நனைச்சு அடிப்பக்கம் மட்டும் நடுவுல இருந்து வெளிய நேரா நேரா தொடச்சேன். வட்டமா தொடச்சா கீறல் பாட்டு ஓடுத தடத்தோடயே போயிரும், அப்புறம் டிரைவால ஒண்ணும் செய்ய முடியாது. என் லேப்டாப்ல சிடி போட எடமே கெடையாது, வண்ணார்பேட்டைல ஒரு கடை அண்ணாச்சிதான் பழைய டிரைவ் ஒண்ண இரவல் குடுத்தாரு. சுத்துது, நிக்குது, திரும்பச் சுத்துது, முக்கா மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கடைசி ரெண்டு பாட்டு வரவே இல்ல. மத்ததெல்லாம் வந்துருச்சு மக்கா!

2004 ஆனித் திருவிழாவுக்கு ஒன் பெரியம்மா மகன் அண்ணன் நியூஜெர்சில இருந்து வந்தாங்கள்ல, அவங்க பையில இருந்த சிடிய ஒரு ராத்திரிக்கு வாங்கிட்டுப் போயி பிரவுசிங் சென்டர்ல காப்பி போட்டோம். அட்டையப் பாக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல, மறுநா அவங்க கெளம்பிட்டாங்க, நம்ம கையில ட்ராக் 01, ட்ராக் 02ன்னு வெறும் நம்பருதான். பாடுத வார்த்தையில ஒரு வரி வெளங்குனாத்தான தேட முடியும், அது ஒருநாளும் வெளங்கல. இப்ப பாட்டக் கேட்டுப் பேரு சொல்லுத ஆப்ப தொறந்து மொபைல ஸ்பீக்கர் பக்கத்துல காட்டுனேன், வாய மூடித் தொறக்கதுக்குள்ள பேரு வந்துருச்சு. பேண்டு பேரு டெட்கை. ஆல்பம் ஃபிக்ஸேஷன் ஆன் எ கோ-ஒர்க்கர், 1995. ஊரு எதுன்னு நெனக்க? நியூ பிரன்ஸ்விக்! அண்ணன் இருந்த எடிசனுக்கு அடுத்தாப்ல இருக்க ஊருலே!

நீ தலையில வச்சு ஆடுன கான்வெர்ஜ் பேண்டோட ஜேன் டோ ஆல்பம் 2001, இது அதுக்கு ஆறு வருசம் முந்தி. அப்புறமா வந்த மெட்டல்கோர்ல, அதான் மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த பாட்டுல, நடுவுல இனிமையா ஒரு கோரஸ் வருமே, அது இதுல மருந்துக்குக் கூட கெடையாது. ஸ்டீவ் எவெட்ஸ்னு ஒருத்தரு ரெக்கார்டு பண்ணிருக்காரு, பக்கத்துல நின்னு கத்துத மாதிரியே இருக்கு. ரெண்டு கிடாரும் ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போகாது, ஒண்ணு மேல கீச்சுன்னு இழுக்கும், ஒண்ணு கீழ இடிக்கும். இப்பத்தான் எனக்கு உறைச்சுது, சீவலப்பேரி சுடலை கொடைல கணியான் கூத்துக்கு மகுடம்னு அந்தத் தோல் மேளம், உச்ச மகுடமும் மந்த மகுடமும் அடிக்கும்லா, நடுச்சாமத்துல தோல தீயில காட்டிட்டு வந்து ஓங்கி அடிக்கும்போது வயித்துக்குள்ள ஒண்ணு பெரளுமே, அதே பெரட்டுதான். நீ டிரம்ஸ்ல அத அடிக்கப் பாத்து அடிக்கப் பாத்து முழங்கை வீங்குனது ஞாபகம் இருக்கா?

மூணாவது பாட்டுல நம்ம காப்பி சிக்கும்லா, தக-தக-தகன்னு மூணு தடவ சிக்கிட்டு அப்புறம் ஓடும், அதயும் சேத்துத்தான நீ வாசிப்ப. முழுப்பாட்ட நெட்ல கேட்டேன், அந்த எடத்துல அப்படி ஒண்ணுமே இல்ல, நேரா போகுது. எனக்கு என்னவோ செஞ்சுருச்சு. திரும்ப நம்ம சிடியத்தான் போட்டேன்.

இப்ப அந்தக் கோவத்துக்கு வாரேன். இந்த ஆல்பம் வந்து கொஞ்ச நாள்லயே பாடுத டிம் சிங்கரும் கிடார் கீத் ஹக்கின்ஸும் வெலகிட்டாங்க, சியாட்டில் போயி கிஸ் இட் குட்பைன்னு வேற பேண்டு. டெட்கைல மிச்சம் இருந்தவங்க பேஸ் கிடார் வாசிச்சவர பாட வச்சுக் கொஞ்ச நாள் ஓட்டிட்டுக் கலஞ்சுட்டாங்க. ஆனா 2021ல திரும்ப எல்லாரும் மேடை ஏறி, 2025ல அடுத்த ஆல்பம் போட்டாங்க. 30 வருசம் கழிச்சு மக்கா. அவங்களுக்கும் வேலை, புள்ளகுட்டி, முட்டுவலி எல்லாம் இருக்கும்தான? நீ என்ன சொன்ன அன்னைக்கி போன்ல, டிரம்ஸ வித்துரப் போறேன், அதெல்லாம் அந்த வயசோட போச்சுன்னு. அந்த வார்த்தைக்குத்தான் நான் போன் பண்ணல. எனக்கு அது அந்த வயசோட போகல. அதச் சொல்ல தெரியாமத்தான் பேசாம இருந்தேன்.

வித்துட்டியா? வித்துருந்தா யார்கிட்டன்னு சொல்லு, நான் போயி பேசுதேன்.

காப்பி போட்டுட்டேன், சிக்குத எடத்தோட அப்படியே. சனிக்கிழமை கூரியர்ல வரும். நெட்ல மொதல்ல கேட்டுராத. அங்க சிடி போட ஏதாவது இருக்கான்னு தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லு, இல்லன்னா இந்த டிரைவயே அண்ணாச்சிகிட்ட வெலைக்கு வாங்கி சேத்து அனுப்புதேன்.

உன் மாப்ள