பழைய படங்கள் திரையிடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் மாதந்தோறும் பழைய திரைப்படங்களைத் திரையிட்டுவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த திரையிடலுக்கு, 1964 இல் வெளியான ‘கிசஸ் போர் மை பிரெசிடென்ற்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைத் தெரிவு செய்திருக்கிறீர்கள். நல்ல தெரிவுதான். ஆனால், ‘ஒரு பெண் நாட்டை ஆண்டால் என்னவாகும் என்ற வேடிக்கையான கற்பனை’ என்று அறிவித்தலில் கண்டபோது, அதை எழுதியவர் இலங்கையில் இருந்துகொண்டுதான் எழுதினாரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அந்தப் படம் வெளியானபோது, உலகின் முதற் பெண் பிரதமராக 1960 யூலையில் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க நான்கு ஆண்டுகளாக இந்த நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்.

படம் பெண் சனாதிபதியை விட அவருடைய கணவரைப் பார்த்தே அதிகம் சிரிக்கிறது. சனாதிபதியாக வரும் பொலி பேர்கன் அரச அலுவல்களில் மூழ்கியிருக்க, கணவராக வரும் பிரெட் மக்மரே, சனாதிபதியின் மனைவிக்கென்று அலங்கரிக்கப்பட்ட அறையில் குடியேறி, செய்வதற்கு வேலையின்றித் திண்டாடுகிறார். அந்த இடங்களில் நானும் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். முடிவில்தான் சிரிப்பு வரவில்லை. சனாதிபதி கருவுறுகிறார், உடனே பதவியைத் துறக்கிறார். மூன்று பிள்ளைகளின் தாயொருவர் கொழும்பில் அமைச்சரவையை நடத்திக்கொண்டிருந்த ஆண்டில் வந்த கதை இது.

சிறிமாவோவுக்குப் பொன்னாடை போர்த்த நான் இதை எழுதவில்லை. எங்களூரில் அவருடைய பெயரைச் சொன்னால் 1961 தான் முதலில் நினைவுக்கு வரும். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தின் நடைமுறையை எதிர்த்துப் பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தை, ஏப்ரலில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து இராணுவத்தைக் கொண்டு அடக்கியது அவருடைய அரசுதான். அந்த வாசலை மறித்து அமர்ந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். சுருட்டிய பாயும் ஒரு போத்தல் தண்ணீருமாகக் காலையிலேயே போய்விடுவதாக என் அம்மம்மா சொல்லுவார். உங்கள் அறிவித்தல் வேடிக்கையாகக் கேட்கும் கேள்விக்கு அனுபவத்திலிருந்து விடை சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஓரிருவரை அழைத்து, படத்துக்கு முன் பத்து நிமிடமாவது பேசவிடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை ஆறரைக்குத் தொடங்கினால் படம் முடிய எட்டரை தாண்டிவிடுகிறது. சென்ற முறை, வந்திருந்த பெண்கள், எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, இரவு பிந்துவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டுமென்று பாதியிலேயே எழுந்துவிட்டார்கள். அதன் பின் ஒன்பது ஆண்கள் வட்டமாக அமர்ந்து படத்தின் கதாநாயகியை அலசினோம். அந்த ஒன்பதில் நானும் ஒருவன், அப்போது எனக்கும் இது உறைக்கவில்லை.

இம்முறை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். பிளேன்ரீயை நான் ஊற்றுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்குத் தவறாமல் வரும் ஒருவன்