சித்தப்பா, அந்த வீடியோக்காரர் சொல்கிறார் என்று விற்க வேண்டாம்

அன்புள்ள சித்தப்பா,

நீங்கள் அனுப்பிய மூன்றாவது வீடியோவையும் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் பங்குச் சந்தை சரியுமாம், எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமாம். அவர் வாக்கு பலித்தாலும் பலிக்கும். விழாத சந்தை உலகத்தில் இல்லை. என்றைக்கு விழும் என்பதுதான் யாருக்கும் பிடிபடாத சங்கதி.

எனக்குப் பிடிபட்டுவிட்டதாக ஒருமுறை நினைத்தேன். 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. மும்பைப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீடான சென்செக்ஸ் காலையில் பத்து சதவீதம் இறங்கியதும் வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அம்மா இட்லிக்கு இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழவில்லை. கைப்பேசியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டில் என் பங்காக இருந்த யூனிட்டுகள் முழுவதையும் விற்கச் சொல்லிவிட்டேன். அன்று மாலை விலைக்குத்தான் கணக்குத் தீரும் அல்லவா? சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-ல் நின்றது.

மறுநாள் இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, தப்பித்தோம் என்று மார் தட்டிக்கொண்டேன். விடிந்தால் சென்செக்ஸ் 1,861 புள்ளி ஏறுகிறது! ஊரே அடைந்து கிடக்கையில் இது நிலைக்குமா, மறுபடி விழட்டும், வாங்கிக்கொள்வோம் என்று காத்திருந்தேன். நவம்பரில் சென்செக்ஸ், சரிவுக்கு முன் ஜனவரியில் தொட்ட உச்சத்தையே தாண்டிவிட்டது. வெளியேற ஒரு நாள் பார்த்தவன், திரும்பி நுழையவும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்பதை மறந்துபோனேன்.

அதற்காக அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே கிடந்தது. பழைய இடத்துக்கு வர 2010 நவம்பர் ஆயிற்று. காத்திருக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். நடுவில் பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்தவர்கள் கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

நம் வீட்டிலும் தை மாதம் கல்யாணம் இருக்கிறது. அந்தப் பணத்தை மட்டும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். சந்தை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, மண்டபத்துக்காரருக்குத் தையில் பணம் தந்தாக வேண்டும். எடுத்ததை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள், ஆனால் ஒரே வங்கியில் குவிக்காதீர்கள். வங்கி முழுகினால் அசலும் வட்டியுமாக ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய்க்குத்தான் காப்பீடு. ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம். வீட்டுச் செலவுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. மீதியை ஏழெட்டு வருடத்துக்குத் தொடப்போவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள், அது கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாஸ்புக்குகளை எடுத்துவையுங்கள். நகைக் கடனை வைத்துப் பங்கு வாங்கலாம் என்று நான்காவதாக ஒரு வீடியோ வந்திருக்கிறதாமே, சித்தி போனில் சொன்னார்கள். அதை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்