1896 அல்ல, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு நியூசிலாந்தின் ரொட்டொருவா பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நல்ல வடிவு. ஆனால் நடுவில் ஒரு வரி: "ஆங்கிலேயர் வந்து கண்டுபிடிக்கும்வரை இந்த வெந்நீர் யாருக்கும் பயன்படாமல் ஏரியில் கலந்துகொண்டிருந்தது." இதை வாசித்தபிறகு கையிலிருந்த தேத்தண்ணீர் இறங்கவில்லை.

யாருக்கும் பயன்படாமலா? மகள் ஒக்லாந்தில் இருக்கிறாள். அவளிடம் போயிருந்தபோது மருமகன் ரொட்டொருவாவுக்குக் கூட்டிப்போனார். ஊருக்குள் நுழையமுன்னமே கூழ்முட்டை நாற்றம், எல்லாம் கந்தகம். ஏரிக்கரையில் ஒஹினெமுட்டு என்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் குடியிருப்பு, வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் ஆவி பறக்கிறது. நிலம் அவ்வளவு சூடு என்பதால் தேவாலயத்தடியில் கல்லறைகளை மண்ணுக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கண்ணாடி யன்னலில் மாவோரி மேலாடை போர்த்த இயேசு. வாங்கில் இருந்து பார்த்தால் வெளியே தெரிகிற ஏரியின்மேல் நடந்து வருகிற மாதிரியே இருக்கும். நான் சைவக்காரன், ஆனாலும் மருமகன் வந்து கூப்பிடும்வரை எழும்பவில்லை. அந்தச் சனம் தலைமுறை தலைமுறையாக அந்த நீரில் சமைத்து, குளித்து வாழ்ந்தது. அதைப் போய்க் கண்டுபிடித்தார்களாம்!

சுற்றுலாத் தொழிலையும் அவர்கள் அப்போதே நடத்தினார்கள். ரொட்டோமஹானா ஏரிக்கரையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் படிப்படியாக இறங்கிய பாறைத் தட்டுகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரரை, காசு வாங்கிக்கொண்டு படகில் ஏற்றிப்போய்க் காட்டியது மாவோரிகள்தான். பக்கத்திலிருந்த தரவேரா எரிமலை வெடித்த இரவில் மாவோரி வழிகாட்டி சோஃபியாவின் வீட்டுக்குள் ஒதுங்கி அறுபதுக்கு மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். உங்கள் கட்டுரையில் அந்த மனுஷியின் பெயரே இல்லை. 1908இல் அரசாங்கம் திறந்த குளியல் மாளிகைக்கோ அரைப்பக்கம்! கந்தக ஆவி அந்த மாளிகையின் குழாய்களை அரித்து ஓயாமல் திருத்தவேலை வைத்த கதையையாவது சொல்லியிருக்கலாம். ஊருக்கான நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என்றுதான் 1880இல் மாவோரிகளோடு ஒப்பந்தம். குத்தகை எடுத்தவர்கள் காசு கட்டவில்லை, கடைசியில் நிலம் அரசாங்கத்தின் கைக்கே போனது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

சரி, நியூசிலாந்து தூரம் என்று விட்டுவிடலாம். திருகோணமலைக் கன்னியாவும் தூரமா? முந்தி ஒரு தடவை எங்கள் கன்னியா வெந்நீரூற்றின் படத்தைப் போட்டு, கீழே "இராவணனின் நீச்சல்குளம்" என்று எழுதினீர்கள். அது குளமில்லை ஐயா, ஏழு கிணறு. சின்னச் சதுரக் கிணறு, அதற்குள் யார் நீந்துவது? தாயாரின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்திய இடம் என்பது ஐதீகம், அதனால்தான் திருகோணமலைச் சனம் அங்கே போய் அந்தியேட்டி செய்கிறது. அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு பெரியப்பா என்னை முதல் கிணற்றடியில் இருத்தி ஒரு வாளி ஊற்றினார், நான் குழறிவிட்டேன். "இது சுடும்தான், வா மற்றதுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. அந்த இடத்துக்கு யார் யார் உரிமை கேட்கிறார்கள் என்று நீங்களே செய்தி போட்டிருக்கிறீர்கள், அப்படியிருக்க நீச்சல்குளம் என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்போதும் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

அம்மாவின் மரண அறிவித்தலில் திருகோணமலையை அம்பாறைப் பக்கத்துத் திருக்கோவில் ஆக்கியதும் நீங்கள்தான். காசு கட்டிப் போட்ட அறிவித்தல் அது. சொந்தக்காரர் ஒருவர் திருக்கோவிலுக்கு பஸ் விசாரித்துக்கொண்டு நின்றாராம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தரவேரா எரிமலை வெடித்தது 1896 என்று போட்டிருக்கிறீர்கள். 1886, யூன் 10. ராசிபலனுக்குக் கீழே ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். "கண்டுபிடிக்கும்வரை" என்ற சொல்லுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் சந்தோஷம், இடமில்லை என்றால் விடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06