வசனம் கேட்கவில்லை என்றால் நடு ஸ்பீக்கரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி இணைப்பில் வந்த ஹோம் தியேட்டர் கட்டுரையைப் படித்தேன். எத்தனை வாட், என்ன விலை, எத்தனை மாதத் தவணை என்று எல்லாம் இருந்தது. வாங்கி வந்த ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று ஒரு வரிகூட இல்லை. பவானியில் அப்பா காலத்திலிருந்து மைக் செட் வைத்திருக்கிறோம். கோயில் பண்டிகை, கல்யாணம் போக, இப்போது வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கும் வேலையும் பார்க்கிறேன். அதனால் எழுதத் தோன்றியது.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே குறைதான். "பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குதுங்க, பேசறது மட்டும் கேக்க மாட்டேங்குதுங்க." 5.1 அமைப்பில், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பாஸுக்கென்று ஒரு சப்வூஃபரும் உள்ள செட்டில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். டிவிக்கு நேர் கீழே, பலகையின் விளிம்பு வரை இழுத்து, உட்காருகிறவர் காதைப் பார்க்கும்படி லேசாக மேல்நோக்கிச் சாய்த்தாலே பாதி சரியாகிவிடும். அப்புறம் ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சென்டர், அதாவது நடு ஸ்பீக்கர் அளவை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் மசியவில்லையா, டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள். அங்கே பிசிஎம் என்று இருந்தால் பல டிவிகளிலிருந்து வெறும் ஸ்டீரியோதான், அதாவது இடது, வலது ஒலி மட்டும்தான் வெளியே வரும். 5.1 ஒலி அப்படியே ரிசீவருக்குப் போக, பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றிவிடுங்கள்.

முன்பக்கத்து இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு இடம் பார்க்க அளக்கும் டேப் போதும். அவை இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் இருக்கைக்கும் அவ்வளவு தூரம் இருக்கட்டும். சுற்றிலும் ஒலி வருவதற்கான சர்ரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, காதைவிட ஓரிரு அடி மேலே. நேர் முன்னால் 0 என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் 110 டிகிரி.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். புது வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரையும் ஃபால்ஸ் சீலிங்கில் பதித்துவிடுகிறார்கள். திரையில் ஆள் பேசினால் குரல் ஃபேன் பக்கத்திலிருந்து வருகிறது. கேட்டால், "அட்மாஸில் ஸ்பீக்கர் மேலேதானே இருக்கும்?" என்கிறார்கள். அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை. அதில் 5.1.2 என்று எழுதியிருந்தால் கடைசி 2 மட்டும்தான் மேலே. மற்றவை கீழேயே இருக்க வேண்டியவை.

இப்படிச் செய்வதற்குக் காரணம் ஒயர். பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவரைக் கொத்த யாருக்கு மனசு வரும்? ஆகவே பூச்சுக்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். சோபா வரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் சர்ரவுண்ட் ஸ்பீக்கர் ஒயருக்கு ஒரு பெட்டி. அங்கிருந்து டிவி சுவர் வரை தனிப் பைப். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் திணிக்க விடாதீர்கள்.

சப்வூஃபருக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கே முழக்கம் இல்லாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். மூலையில் வைத்தால் பாஸ் கூடும், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள பாஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். ரிசீவரோடு வரும் சின்ன மைக்கை இருக்கையில் காது உயரத்தில் நிறுத்தினால் தூரம், அளவு எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த நேரம் ஃபேனை நிறுத்துங்கள்.

டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள ஹாலில் எந்த ஸ்பீக்கரும் எதிரொலிக்கும். கனமான ஜன்னல் திரையும், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு ஜமக்காளமும் போடுங்கள். பவானிக்காரன் வியாபாரம் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம், எந்த ஊர் ஜமக்காளமும் சரிதான்.

வீடு கட்டும் பக்கத்தில் அடுத்த முறை ஹாலுக்கான மின் வரைபடம் போடும்போது அந்த இரண்டு பெட்டிகளையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன் என்றால் பைப் செலவோடு போய்விடும்.

இப்படிக்கு,
மைக் செட் கடைக்காரர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.